40,000 எண்களை 12 ஜிபி லாகில் தேட ஒரு ராத்திரி எதற்கு?

கேள்வி இதுதான். 40,000 வாடிக்கையாளர் எண்கள் ஒரு ஃபைலில், வரிக்கு ஒன்றாக இருக்கின்றன. பக்கத்தில் 12 ஜிபி அளவுள்ள ஒரு லாக் ஃபைல். அந்த எண்கள் வரும் லாக் வரிகளை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஷெல்லில் லூப் போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கிரெப் (ஃபைலில் வரி வரியாகத் தேடும் கமாண்ட்) என்று ஓடவிட்டுப் போயிருக்கிறீர்கள். காலையில் வந்து பார்த்தால் மூவாயிரத்தைக்கூடத் தாண்டவில்லை. கூடவே ஒரு துணைக்கேள்வி: 3,000 தமிழ்ச் சொற்கள் உள்ள பட்டியலைத் தமிழ்க் கட்டுரைகள் நிறைந்த ஃபோல்டரில் தேடவும் இதே வழி சரிப்படுமா?

ஆரம்பிக்கும் முன் ஒன்று. கமாண்டுகளைத் தமிழ் எழுத்திலேயே சொல்லிக்கொண்டு போகிறேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'பெரிய எஃப்', 'சின்ன எஃப்' என்று நான் பிரிக்கும் இடங்களில் மட்டும் கவனம். இரண்டும் வேறு வேறு வேலை செய்பவை, உங்களுக்கு இரண்டுமே வேண்டும்.

லூப் ஏன் முடியவில்லை என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் கிரெப் அந்த 12 ஜிபியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறது. 40,000 தடவை 12 ஜிபி என்றால் 4,80,000 ஜிபி. நொடிக்கு 1 ஜிபி வேகத்தில் படித்தால்கூட ஐந்தரை நாள் ஆகும். இங்கே கிரெப்பின் மேல் தப்பில்லை. வேகமான டிஸ்க், பெரிய சர்வர் என்று யோசிக்கவும் வேண்டாம். ஒரே ஃபைலை 40,000 தடவை திறக்கச் சொன்னதுதான் சிக்கல்.

மாற்று: கிரெப், ஒரு பெரிய எஃப், ஒரு சின்ன எஃப், அதை ஒட்டிப் பட்டியல் ஃபைலின் பெயர், கடைசியில் லாக் ஃபைலின் பெயர். அவ்வளவுதான். சின்ன எஃப் 'தேட வேண்டியவற்றை இந்த ஃபைலிலிருந்து எடுத்துக்கொள்' என்கிறது. பெரிய எஃப் 'இவை ரெகெக்ஸ் (சிறப்புக் குறிகள் கொண்ட தேடல் வடிவம்) இல்லை, எழுத்துக்கு எழுத்து அப்படியே பொருத்து' என்கிறது. லாக் ஒரே ஒரு முறை படிக்கப்படும். உங்கள் அளவுக்கு இது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை, நல்ல டிஸ்க் இருந்தால் நிமிடம்கூட வேண்டாம்.

சிலர் எல்லா எண்களையும் நடுவில் செங்குத்துக் கோடு போட்டு ஒரே நீளமான ரெகெக்ஸாக ஒட்டி, அதைக் கமாண்ட் வரியிலேயே கொடுக்கப் பார்ப்பார்கள். லினக்ஸில் ஒரு தனி ஆர்க்யுமென்ட் (கமாண்டுக்குக் கொடுக்கும் ஒரு துண்டு) 128 கேபியைத் தாண்ட முடியாது. பத்து இலக்க எண்கள் 40,000 என்றால் 400 கேபிக்கு மேல் போய்விடும். 'ஆர்க்யுமென்ட் லிஸ்ட் டூ லாங்' என்று ஷெல் கையை விரித்துவிடும். பட்டியலை ஃபைலாகக் கொடுத்தால் இந்தத் தொல்லை கிடையாது.

சரி, 40,000 சொற்களை ஒரே வாசிப்பில் எப்படித் தேட முடிகிறது? ஒவ்வொரு வரியிலும் 40,000 தடவை ஒப்பிட்டுப் பார்த்தால் பழைய கதைதானே? இங்கேதான் 1975-இல் வந்த ஒரு அழகான யோசனை வருகிறது. அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் மார்கரெட் கொராசிக் நூலக நூற்பட்டியலில் தேடும் ஒரு புரோகிராமில் வேலை செய்துகொண்டிருந்தார். அவரும் ஆல்ஃபிரட் ஆஹோவும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரையில் உள்ள வழிமுறைதான் ஆஹோ-கொராசிக். அந்த நூலகத் தேடல் 5 முதல் 10 மடங்கு வேகமானதாகக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆஹோ எழுதிய எஃப்கிரெப் அதைத்தான் பயன்படுத்தியது. இன்று பெரிய எஃப் செய்கிற வேலை எஃப்கிரெப்பின் வேலையே. (எஃப்கிரெப் என்று தட்டும் பழக்கம் இன்னும் இருந்தால் விட்டுவிடுங்கள். 2022-இல் வந்த குனு கிரெப் (லினக்ஸில் வழக்கமாக இருக்கும் கிரெப்) 3.8 முதல் அது வழக்கொழிந்தது என்று எச்சரிக்கை காட்டுகிறது.)

உள்ளே நடப்பதைத் தமிழிலேயே ஒரு சின்ன உதாரணமாகப் பார்க்கலாம். பட்டியலில் இரண்டே சொற்கள்: 'அமலா', 'மலர்'. இவற்றை மரம்போல அடுக்கிக்கொள்கிறது. அ, ம, ல, துணைக்கால் என்று ஒரு கிளை. ம, ல, ர, புள்ளி என்று இன்னொரு கிளை. இப்போது உரையில் 'அமலர்' என்று ஒரு எழுத்துத் தொடர் வருகிறது. அ, ம, ல வரை முதல் கிளையில் ஏறியாயிற்று. அடுத்துத் துணைக்கால் வர வேண்டும், வந்ததோ ர. சாதாரணத் தேடல் என்றால் திரும்பிப் போய் ம-விலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். ஆஹோ-கொராசிக் திரும்பாது. 'அமல' என்று இதுவரை பார்த்ததன் வாலில் 'மல' இருக்கிறது, அது இரண்டாவது கிளையின் தொடக்கம் என்பதை முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது. நேராக அந்தக் கிளைக்குத் தாவி ர, புள்ளி என்று ஏறி 'மலர்' கிடைத்தது என்கிறது. உரையில் ஒரு எழுத்தைக்கூட இரண்டாம் முறை பார்க்கவில்லை. பட்டியலில் 2 சொல் இருந்தாலும் 40,000 இருந்தாலும் உரையை ஒரே நடையில் கடந்துவிடுகிறது. சொற்கள் கூடினால் மரம் பெரிதாகும், நினைவகம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு மரபும் உண்டு. 1977-இல் பாயரும் மூரும் சொன்ன வழி: எல்லா எழுத்தையும் பார்க்காமல் தாவித் தாவிப் போவது. பத்து எழுத்துச் சொல்லைத் தேடுகிறீர்கள் என்றால், உரையில் பத்தாவது இடத்தைப் பார். அங்கே இருக்கும் எழுத்து அந்தச் சொல்லிலேயே இல்லையென்றால் பத்தையும் தாண்டிவிடலாம். பியாட்டே கொமென்ட்ஸ்-வால்டர் 1979-இல் இந்தத் தாவலையும் ஆஹோ-கொராசிக் மரத்தையும் சேர்த்தார். ஆனால் பல சொற்கள் இருக்கும்போது எவ்வளவு தூரம் தாவலாம் என்பதைப் பட்டியலில் மிகக் குட்டையான சொல்தான் முடிவு செய்கிறது. 39,999 எண்கள் பத்து இலக்கமாக இருந்து, எவரோ தப்பாகச் சேர்த்த '12' என்று ஒன்று மட்டும் இருந்தால், அந்த ஒன்றே எல்லாருடைய காலையும் கட்டிப்போட்டுவிடும். வேகம் போவது ஒருபக்கம், முடிவுகளும் குப்பையாக வந்து விழும். பட்டியலை நீளவாரியாக வரிசைப்படுத்தி, மேலே இருக்கும் பத்து வரிகளைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குட்டையானவை உண்மையிலேயே தேவை என்றால் தனியாக ஒரு ஓட்டம் ஓட்டலாம்.

பட்டியலைச் சுத்தம் செய்வதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். வேகத்தைவிட இதில்தான் பலரும் அடிபடுகிறார்கள், நானும் பட்டிருக்கிறேன். பழைய வேலை ஒன்றில், ஒரு கோளாறால் பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்களின் பட்டியலை லாகிலிருந்து எடுத்துத் தரச் சொன்னார்கள். எடுத்தேன், அனுப்பினேன். பத்து நிமிடத்தில் போன் வந்தது. 'தம்பி, நம்மகிட்ட இருக்கிற மொத்தக் கஸ்டமரே இவ்வளவு பேர்தானே?' என் பட்டியல் ஃபைலின் கடைசியில் ஒரு வெற்று வரி இருந்திருக்கிறது. கிரெப்பைப் பொறுத்தவரை வெற்றுச் சொல் எல்லா வரியிலும் இருக்கிறது, ஆகவே எல்லா வரியும் பொருந்தும். இதில் ஒரு வேடிக்கை: ஒன்றுமே இல்லாத ஃபைலைக் கொடுத்தால் எதுவும் பொருந்தாது, ஒரே ஒரு வெற்று வரி உள்ள ஃபைலைக் கொடுத்தால் எல்லாம் பொருந்தும்.

இதற்கு நேர்மாறான ஆபத்து விண்டோஸிலிருந்து வரும் பட்டியல். எக்செல்லில் தயாரித்துச் சேமித்த ஃபைலில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கிரெப் அதையும் எண்ணின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும், லாகில் அது இருக்காது, விடை பூஜ்யம். ஃபைலின் தொடக்கத்தில் பிஓஎம் என்கிற மூன்று பைட்டுகள் இருந்தால் முதல் எண் மட்டும் காணாமல் போகும். இது இன்னும் மோசம், ஏனென்றால் மற்றவை எல்லாம் சரியாக வருவதால் சந்தேகமே எழாது. டாஸ்2யுனிக்ஸ் என்ற கமாண்டை ஒருமுறை ஓட்டினால் இரண்டும் தீர்ந்துவிடும். அப்புறம் வெற்று வரிகளை நீக்கி, சார்ட் கமாண்டின் யூ ஆப்ஷனால் இரட்டிப்புகளையும் தூக்கிவிட்டு, அதன் பிறகு தேடுங்கள்.

அடுத்தது எல்லைப் பிரச்சினை. 1234 என்று தேடினால் 912345-உம் வரும். டபிள்யூ ஆப்ஷன் போட்டால் முழுச் சொல்லாக இருந்தால்தான் பொருந்தும். ஆனால் கிரெப்புக்குச் 'சொல்' என்றால் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான். உங்கள் எண்களில் சிறுகோடு இருந்தால், ஏ-123 என்று தேடியதற்கு ஏ-123-பி என்பதும் பொருந்திவிடும். ஐபி முகவரிகளைத் தேடுபவர்கள் பெரிய எஃப்பை மறந்தால் இன்னொரு கூத்து: ரெகெக்ஸில் புள்ளி என்றால் 'ஏதாவது ஒரு எழுத்து'. 10.1.1.1 என்பது 10.131.1 என்பதோடும் பொருந்தும்.

எண் எப்போதும் ஒரே நெடுவரிசையில்தான் வரும் என்றால், உங்களுக்கு வேண்டியது உரைத்தேடலே இல்லை, அட்டவணைத் தேடல். அதற்கு, வரியை நெடுவரிசைகளாகப் பிரித்துப் பார்க்கும் ஆக் சரியான கருவி. முதல் ஃபைலைப் படிக்கும்போது (மொத்த வரி எண்ணான என்ஆர், அந்தந்த ஃபைலின் வரி எண்ணான எஃப்என்ஆர் இரண்டும் சமமாக இருக்கும் வரை) எண்களை ஒரு அர்ரேயில் சேர்த்துக்கொள். அப்புறம் லாகின் மூன்றாம் நெடுவரிசை அந்த அர்ரேயில் இருந்தால் வரியை அச்சிடு. ஒரே வரியில் எழுதிவிடலாம். முன்னால் பின்னால் ஒட்டியிருக்கும் எண்களால் குழப்பம் வராது, எல்லை பற்றிய தலைவலி மொத்தமாகப் போய்விடும். பட்டியல் ஃபைல் காலியாக இருந்தால் மட்டும் கவனம்: லாகையே பட்டியல் என்று நினைத்து விழுங்கிவிடும். ஒவ்வொரு வரியையும் நெடுவரிசைகளாக வெட்டுவதால் ஆக் கிரெப்பைவிட மெதுவாகத்தான் ஓடும். அதற்கு என் வழக்கம் இரண்டையும் சேர்ப்பது. முதலில் பெரிய எஃப் கிரெப்பால் தோராயமாகச் சலித்து, அதன் வெளியீட்டை ஆக்குக்கு பைப் செய்து துல்லியமாக வடிகட்டுவேன். 12 ஜிபியில் 200 எம்பி மட்டும் ஆக்கிடம் போய்ச் சேர்ந்தால் அதன் வேகம் யாருக்கும் தெரியப்போவதில்லை.

நிஜமாகவே ரெகெக்ஸ்கள்தான் நிறைய இருக்கின்றன, அப்படியே பொருத்த முடியாது என்றாலும் இதே சல்லடைதான் கைகொடுக்கும். எல்லா ரெகெக்ஸிலும் 'டைம்அவுட்' போல ஒரு பொதுச் சொல் இருக்கிறதா பாருங்கள். முதலில் அதை மட்டும் பெரிய எஃப்பால் தேடி, அகப்பட்ட வரிகளில் மட்டும் ரெகெக்ஸ் பட்டியலை ஓட்டுங்கள். பின்னோக்குக் குறிப்பு, அதாவது முன்பு பிடித்த துண்டையே மறுபடி கேட்கும் வகை ரெகெக்ஸ், பட்டியலில் இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அதைக் கண்டால் கிரெப் தன் வேகமான இயந்திரத்தைக் கைவிட்டு மெதுவான வழிக்குப் போக வேண்டியிருக்கும்.

கிரெப்புக்கு மாற்றான ரிப்கிரெப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். ஆண்ட்ரூ கேலன்ட் ரஸ்ட் மொழியில் எழுதி 2016-இல் வெளியிட்டது. நல்ல கருவி. பெரிய எஃப், சின்ன எஃப் இரண்டும் அதிலும் அதே பொருள்தான். சொற்கள் சில டஜன் அளவில் இருந்தால் டெடி என்ற வழிமுறையைப் பயன்படுத்துகிறது. இது இன்டெலின் ஹைப்பர்ஸ்கேன் என்ற தேடல் மென்பொருளிலிருந்து வந்தது. சொற்களின் முதல் சில பைட்டுகளை மட்டும் வைத்து, பிராசஸரின் சிம்டி கட்டளைகளால் ஒரே நேரத்தில் 16 அல்லது 32 பைட்டுகளைச் சோதித்துத் தள்ளும். ஆயிரக்கணக்கில் போனால் அதுவும் ஆஹோ-கொராசிக்குக்குத்தான் வருகிறது. ஆகவே உங்கள் 40,000-க்கு மந்திரம் எதுவும் நடக்காது. ஆனால் ஃபோல்டர் முழுக்கத் தேடும்போது பல கோர்களில் தானாகவே பிரித்துக்கொள்ளும், அந்த லாபம் பெரியது. ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கட்டும்: சின்ன ஓ போட்டுப் பொருந்திய பகுதியை மட்டும் எடுத்தால், குனு கிரெப் நீளமான பொருத்தத்தைக் காட்டும், ரிப்கிரெப் பட்டியலில் முன்னால் உள்ளதைக் காட்டும். 123, 12345 இரண்டும் அந்த வரிசையில் பட்டியலில் இருந்தால் விடைகள் மாறும்.

ஒற்றைப் பெரிய ஃபைலைப் பல கோர்களில் தேட குனு பேரலல் என்ற கருவி இருக்கிறது. பைப்பார்ட் ஆப்ஷன் ஃபைலை வரி உடையாமல் துண்டுகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரெப்பை ஓட்டும். கே ஆப்ஷன் போட்டால் வெளியீடு பழைய வரிசையிலேயே வரும். ஒவ்வொரு கிரெப்பும் தனக்கென ஒரு மரத்தைக் கட்டும், அதனால் பட்டியல் லட்சக்கணக்கில் இருந்தால் நினைவகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் தடை எங்கே என்று பாருங்கள். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 150 எம்பி தரும் என்றால் 12 ஜிபிக்கு 80 நொடி ஆகியே தீரும், எட்டு கோர் போட்டாலும் அது குறையாது. அப்படிப்பட்ட இடத்தில் லாகை இசட்ஸ்டிடி என்ற சுருக்கும் கருவியால் சுருக்கி வைத்து, விரித்துக்கொண்டே கிரெப்புக்கு பைப் செய்வது வேகமாக இருக்கலாம், ஏனென்றால் டிஸ்க்கிலிருந்து வர வேண்டியதே குறைவு.

அளந்து பார்க்கும்போது இரண்டு ஏமாற்றங்கள் வரும். முதல் ஓட்டம் டிஸ்க்கிலிருந்து படிக்கும், ஃபைல் ரேமில் கொள்ளும் அளவுதான் என்றால் இரண்டாவது ஓட்டம் கேஷிலிருந்து படிக்கும். நீங்கள் மாற்றிய ஆப்ஷனால்தான் வேகம் வந்தது என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே முதல் ஓட்டத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். இரண்டாவது ஏமாற்றம் இன்னும் நயமானது. வெளியீட்டை, வந்ததையெல்லாம் தூக்கியெறியும் டெவ்-நல்லுக்கு அனுப்பி நேரம் பார்ப்பது எல்லாருக்கும் பழக்கம். குனு கிரெப் அதைக் கண்டுபிடித்து, 'யாரும் படிக்கப்போவதில்லையே' என்று முதல் பொருத்தத்திலேயே நின்றுவிடும். 12 ஜிபியை 3 மில்லிசெகண்டில் தேடிவிட்டது என்று நான் ஒருமுறை சக ஊழியரிடம் பெருமையடித்தது இப்படித்தான். சின்ன சி போட்டு எண்ணிக்கை எடுங்கள், முழு ஃபைலையும் படித்தாக வேண்டும்.

இனி தமிழ்ச் சொற்கள். அதே கமாண்ட் அப்படியே வேலை செய்யும். எழுத்துகளை பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 அமைப்பில் ஒரு எழுத்தின் பைட்டுகள் இன்னொரு எழுத்தின் நடுவில் தவறாகப் பொருந்த வழியில்லை. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லாததால் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாத ஐ ஆப்ஷனும் தேவையில்லை. போட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், வீண் வேலை. ஆனால் மேலே சொன்ன சிம்டி வித்தைகள் தமிழில் அதே அளவு பலிக்காது. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. முதல் பைட் எல்லாவற்றுக்கும் ஒன்றே, இரண்டாவதும் இரண்டில் ஒன்றுதான். ஆங்கிலச் சொல்லில் முதல் மூன்று பைட் பார்த்தால் மூன்று எழுத்து தெரிந்துவிடும், தமிழில் ஒரே எழுத்து. கட்டுரை முழுக்க 'க'வில் தொடங்கும் இடங்கள் எத்தனை இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அத்தனை இடத்திலும் நின்று சோதித்துவிட்டுத்தான் போக வேண்டும். 3,000 சொல்லுக்கு இது பொருட்டே இல்லை, தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வேகத்துக்காக, மொழி அமைப்பை (லொக்கேல்) முடிவு செய்யும் எல்சி-ஆல் என்பதை சி என்று வைக்கச் சொல்லும் பழைய யோசனை எல்லா இடத்திலும் திரியும். பழைய கிரெப்புகளில் அது பெரிய லாபம். இன்று பெரிய எஃப்புடன் அவ்வளவு வித்தியாசம் தெரியாது. தமிழில் டபிள்யூ ஆப்ஷனோடு சேர்த்தால் தப்பான விடையே வரும். சி லொக்கேலுக்குத் தமிழ் பைட்டுகள் எழுத்தே இல்லை. 'கல்' என்று முழுச் சொல்லாகத் தேடினால் 'கல்வி'யும் வந்து நிற்கும். முழுச் சொல் வேண்டுமென்றால் ரிப்கிரெப்பை எடுங்கள், அது உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே எண்ணும். டபிள்யூ இல்லாமல் தேடினால் 'கல' என்பது கல், கலை, கலாம் எல்லாவற்றிலும் கிடைக்கும். கண்ணுக்கு வேறு எழுத்து, பைட்டுக்கு அதே தொடக்கம்.

கடைசியாக, விட்டுப்போகும் பொருத்தங்கள். 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கிரெப்புக்கு வேறு வேறு. பட்டியல் ஒரு கீபோர்டிலிருந்தும் கட்டுரை இன்னொரு மென்பொருளிலிருந்தும் வந்திருந்தால் 'கொடி'யும் 'கோயிலும்' சத்தமில்லாமல் காணாமல் போகும். யூகான்வ் என்ற கருவியைக் கொண்டு பட்டியலையும் கட்டுரைகளையும் என்எஃப்சி (ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடுங்கள். 'ஸ்ரீ'க்கு மட்டும் அதுவும் உதவாது. அதை இரண்டு வேறு மெய்களில் தொடங்கி எழுதும் வழக்கம் இருக்கிறது, என்எஃப்சி அவற்றை ஒன்றாக்காது. 'ஸ்ரீ' வரும் சொற்களை இரண்டு விதமாகவும் பட்டியலில் எழுதிவிடுங்கள்.